நொடிக்கொரு தரம் சகலை

என் அக்கா கணவருக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் பெயர் சதவீதம். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அவர் மாடியிலிருந்து இறங்கி வருவது தெரிந்தால் மட்டும் "சதவீதம் வருது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பெயர் சும்மா வரவில்லை. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "எண்பது சதவீதம் விட்டாச்சு" என்பார். சாப்பாடு எப்படி என்று அக்கா கேட்டால் "உப்பு ஒரு அஞ்சு சதவீதம் தூக்கல்" என்பார். கையில் கரண்டியோடு நிற்கும் ஒருத்தியிடம் இப்படிப் பேசலாமா என்கிற யோசனையெல்லாம் அவருக்குக் கிடையாது.

நான் அதே ஆஸ்பத்திரியில் கீழே பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவன். வருகிறவர்களின் பெயரைத் தட்டி, எந்த டாக்டர், எந்த அறை என்று சீட்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. அத்தான் மாடியில் சர்வர் பார்ப்பவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போக வேண்டிய அளவுக்குக் குளிரும் ஓர் அறையில், ஓர் இரும்பு அலமாரிக்குள், ஒரே ஒரு பெரிய மெஷின் இருக்கிறது. அந்த ஒன்றுக்குள்தான் ஆஸ்பத்திரியின் மற்ற மெஷின்கள் எல்லாம் குடியிருக்கின்றன. கையால் தொட முடியாத மெஷின்கள். வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். என் கவுன்ட்டருக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று, எக்ஸ்ரே படங்களுக்கு ஒன்று. "ஒரே வீட்டுல பல குடித்தனம் மச்சான், ஆனா அடுப்பு ஒண்ணுதான்" என்று அத்தான் எனக்கு ஒருமுறை விளக்கினார். அந்த அடுப்புதான் ப்ராசஸர். யார் எவ்வளவு நேரம் அடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

பார்ப்பதற்கென்று அவரே ஒரு மெஷினை அதே வீட்டுக்குள் குடிவைத்திருந்தார். அதற்கு வாட்ச்மேன் என்று பெயர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது ஒவ்வொரு குடித்தனத்தின் கதவையும் தட்டி, எவ்வளவு எடுத்தாய் என்று கேட்டு, பதிலைக் கோடாகத் திரையில் வரையும். காவல் காக்கிறவன் ஒருநாளும் பசியோடு இருக்கக் கூடாது என்று, அடுப்பு எப்போதும் வாட்ச்மேனுக்கே முதலில் கிடைக்கும்படி அத்தான் ஏற்பாடு செய்திருந்தார். திரையில் எல்லாருடைய கோடும் இருக்கும், வாட்ச்மேனின் கோடு மட்டும் இருக்காது. தொடக்க நாளிலேயே அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். "எண்ணுறவன் தன்னையே எண்ணிக்கிட்டா கணக்கு எங்க போய் நிக்கும்?" என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் வாழ்ந்ததும் அப்படித்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் தங்கைக்குக் கல்யாணம் ஆகிறவரை.

தங்கையின் கணவரும் கம்ப்யூட்டர்தான் படித்தவர். அப்பாவுக்கு அது போதுமே. வீட்டில் நல்ல நாளும் பொழுதுமாக அத்தானைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மாப்பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லி சின்னவரையும் உள்ள இழுத்து விடுங்க. உங்களுக்கும் கூடமாட ஒத்தாசையா இருக்கும்." மாமனார் வாய்விட்டுக் கேட்டதைத் தட்ட முடியுமா? அத்தான் சொன்னார். சின்ன மாப்பிள்ளை உள்ளே வந்தார். அன்றைக்கே அத்தானின் தூக்கம் வெளியே போனது.

சின்ன மாப்பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் அத்தானுக்குத் தாங்கவில்லை. தப்பு செய்கிறவனாக இருந்தால் மனிதன் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போகலாம். இவரோ யாரைப் பார்த்தாலும் சிரிப்பார். வந்த வாரமே நர்ஸ்களின் பெயரையெல்லாம் தெரிந்துகொண்டார். அத்தானுக்கு இத்தனை வருஷத்தில் அவர்களுடைய மெஷின்களின் பெயர்தான் தெரியும். கைப்பிடி வைத்த புது நாற்காலி ஒன்று கணினிப் பிரிவுக்கு வந்தது. யாருக்கு என்று யாரும் சொல்லாததால் சின்னவர் அதில் உட்கார்ந்துவிட்டார். அத்தானின் நாற்காலிக்கு ஒரு பக்கக் கைப்பிடிதான் உண்டு. அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "நாற்காலிங்கறது பெரிய விஷயமில்ல மச்சான்" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் நாற்காலியைப் பற்றியே பேசினார்.

வீட்டில் இன்னும் மோசம். அப்பாவின் போனில் எழுத்துச் சிறிதாகத் தெரிகிறது என்று அத்தானிடம் சொல்லி மாதக்கணக்காகியிருந்தது. சின்னவர் வந்து உட்கார்ந்தார், இரண்டு இடத்தில் தட்டினார், எழுத்து பெரிதாகிவிட்டது. அப்பா அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. "தங்கமான பிள்ளை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் போனைக் காட்டினார். அக்காவின் மகள்கூடக் கணக்குப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு "சித்தப்பாகிட்ட கேட்டுக்கறேன்" என்று போய்விட்டாள். அத்தான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சரியாகத்தான் இருந்தது, ஆனால் பக்கம் திரும்பவே இல்லை.

எக்ஸ்ரே மெஷினைச் சின்னவர் பொறுப்பில் கொடுத்தபோதுதான் அத்தானுக்கு வயிறு நன்றாகப் பற்றிக்கொண்டது. வீட்டிலேயே பெரிய குடித்தனம் அது. படம் எல்லாம் கனம்; அடுப்பை நிறையக் கேட்கும். அது வாட்ச்மேனுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும் பதில் அத்தானுக்குப் போதவில்லை. ஒரு நிமிடம் என்று மாற்றினார். பிறகு பத்து நொடி. பிறகு நொடிக்கொரு தரம். சகலையை மட்டும் கவனித்தால் நன்றாக இருக்காது என்று எல்லா மெஷின்களுக்கும் அதையே வைத்தார். கேள்விகளையும் கூட்டினார். எந்த வேலைக்கு எவ்வளவு, யார் தொட்டபோது எவ்வளவு, போன வாரம் இதே நேரம் எவ்வளவு என்று பதிலுக்கு மேல் பதில் கேட்டு, அத்தனைக்கும் படம் போடச் சொன்னார். வாட்ச்மேன் திணறியபோது அடுப்பில் அதற்கு இன்னும் கொஞ்சம் பங்கு ஒதுக்கினார்.

அந்த நேரம் பார்த்து கணினிப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றார். அவருடைய அறை காலியாயிற்று. ஜன்னல் உள்ள அறை. அத்தானுக்கு அந்த அறைமேல் நெடுநாள் ஆசை. அங்கே போக வேண்டும் என்பதைவிட, அங்கே சகலை போய்விடக் கூடாது என்பது இப்போது பெரிய ஆசையாகிவிட்டது.

சரியாக அப்போதுதான் என் கவுன்ட்டர் படுக்க ஆரம்பித்தது.

ஒரு பெயரைத் தட்டிவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். திரையில் வட்டம் சுற்றும். எதிரே இருமுகிறவர், குழந்தையைத் தோளில் போட்டவர், கைக்கட்டோடு நிற்கிறவர் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் வட்டத்தைப் பார்ப்பேன். "என்ன சார், தூங்குறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இன்னொருவர் நான் போனில் விளையாடுவதாகப் புகார் எழுதினார். திட்டு வாங்குவதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஓர் இடம் உண்டு என்றால் அது கவுன்ட்டர்தான். மாடியில் செய்யும் பாவத்துக்கெல்லாம் இங்கேதான் அடி விழும்.

பெரிய டாக்டரம்மா, ஆஸ்பத்திரியை நடத்துகிறவர், எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. "மெஷினை எது திங்குதுன்னு திங்கட்கிழமை எனக்குச் சொல்லணும். சொல்றவங்களை நம்பித்தான் அந்த ரூம் சாவியைக் கொடுப்பேன்" என்றார். அத்தான் சின்னவரைப் பார்த்தார். சின்னவர் சிரித்தார். எல்லாரையும் பார்த்துச் சிரிப்பது போலத்தான் சிரித்தார், ஆனால் அத்தானுக்கு அது சவாலாகத் தெரிந்தது.

கூட்டம் முடிந்ததும் அத்தான் என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டினார். மேலே ஒரு தடித்த சிவப்புக் கோடு. பெரிய மெஷின் தான் மொத்தமாக எவ்வளவு உழைக்கிறது என்று, வாட்ச்மேனைக் கேட்காமல், தானே வரைவது. தொண்ணூற்றைந்து சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கீழே குடித்தனங்களின் கோடுகள்.

"இதெல்லாத்தையும் கூட்டிப் பாரு. பாதிகூட வரல. மீதி எங்க போகுது?"

"எங்க போகுது?"

"எக்ஸ்ரேல எதையோ மறைச்சு ஓட்டறான் மச்சான். வெளியில ஒண்ணு காட்டறான், உள்ள ஒண்ணு பண்றான். ஆளும் அப்படித்தான், மெஷினும் அப்படித்தான்."

"மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லையே அத்தான்."

"நீயுமா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அப்பா, அக்கா, அவர் மகள், நர்ஸ்கள், நாற்காலி எல்லாரும் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளிநோயாளிகள் கிடையாது. அவசரப் பிரிவு மட்டும் கொஞ்ச நேரம் கையால் எழுதிச் சமாளிக்கட்டும் என்று அனுமதி வாங்கி, ஒவ்வொரு மெஷினாக நிறுத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எதை நிறுத்தினால் சிவப்புக் கோடு விழுகிறதோ அதுதான் திருடன். மெஷினை நிறுத்த இரண்டு பேர் கூட இருக்க வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம்; ஒருவர் நிறுத்துவார், மற்றவர் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பார். ஆகவே சின்னவரும் வந்தார். கவுன்ட்டர் எழுந்து நடக்கிறதா என்று பார்க்க நானும் போனேன்.

"முதல்ல எக்ஸ்ரே" என்றார் அத்தான். குரலில் ஒரு தித்திப்பு.

"சரிண்ணே" என்றார் சின்னவர்.

எக்ஸ்ரே நின்றது. சிவப்புக் கோடு கொஞ்சம் தலையைத் தாழ்த்திவிட்டு மறுபடி நிமிர்ந்துகொண்டது. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோடு அங்கேயேதான் இருந்தது.

"மருந்துக் கடை" என்றார். நின்றது. "ரத்தம்." நின்றது. "கவுன்ட்டர்." என் பிழைப்பு நின்றது. ஒவ்வொன்றுக்கும் கோடு பேருக்கு இறங்கியது, அவ்வளவுதான். சின்னவர் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் அவர் குரல் மெதுவானதை நான் கவனித்தேன். அத்தான் கவனிக்கவில்லை. கடைசிக் குடித்தனமும் நின்றது. வீடு காலி. காலி வீட்டில் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்படி?" என்றார் அத்தான். "எல்லாத்தையும் நிறுத்தியாச்சே. உள்ள யாருமே இல்லையே."

சின்னவர் காதைச் சொறிந்துகொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டு, தன் செருப்பைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் அத்தானுக்குப் புரிந்திருக்க வேண்டும். இல்லாத கோட்டைத் திரையில் தேடுகிறவர் போல மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலேயே, மெதுவாகச் சொன்னார். "வாட்ச்மேன்."

கதவைத் தட்டிப் பதில் வராததால் அது மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தது. பழைய பதில்களையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துக் கூட்டிக்கொண்டிருந்தது. அத்தானே தன் கையால் அதை நிறுத்தினார். சிவப்புக் கோடு சறுக்கி அடியில் போய் உட்கார்ந்தது. அவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. திருடனைப் பிடிக்கப் போட்ட காவலே வீட்டைக் காலி செய்துகொண்டிருந்திருக்கிறது. அதுவும் ஒருத்தன் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பதற்காக. மனிதர் அப்படியே குறுகிப் போனார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், நான் வாங்கிய திட்டுக்கெல்லாம். பாவமாகத்தான் இருந்தது.

"விடுங்கண்ணே" என்றார் சின்னவர். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம்னு பழையபடி மாத்திடலாம். நாளைக்கு டாக்டரம்மாகிட்ட நான் பேசிக்கறேன். யார் பேரும் வராது."

அத்தானை எனக்குத் தெரியும். நெஞ்சில் நெருப்பு விழுந்தது அந்த நிமிஷம்தான். தப்பு கண்டுபிடிக்கப்பட்டதற்கு அவ்வளவு நோகவில்லை. மன்னிக்கிற இடத்திலும் அவனே போய் உட்கார்ந்துகொண்டானே என்றுதான் நொந்தார்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவின் அறையில் சின்னவர்தான் ஆரம்பித்தார். "மேடம், கண்டுபிடிச்சாச்சு. பழைய சாஃப்ட்வேர்ல ஒரு சின்ன அமைப்புக் கோளாறு. நாங்க ரெண்டு பேருமா சேர்ந்து சரி பண்ணிட்டோம்." சொல்லிவிட்டு அத்தானைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். எவ்வளவு அழகான பொய். டாக்டரம்மாகூட நம்பிவிட்டார். அத்தான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் வயதுக்கும் வருஷத்துக்கும் மரியாதை கொடுத்துச் சாவி அவர் கைக்கே வந்திருக்கும்.

அத்தான் எழுந்து நின்றார்.

"கோளாறு சாஃப்ட்வேர்ல இல்ல மேடம். என்கிட்ட. கண்காணிக்கற மெஷினை நொடிக்கொரு தரம் ஓடவிட்டது நான். அதோட கணக்கை மறைச்சு வச்சதும் நான். தம்பிக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"எதுக்கு நொடிக்கொரு தரம்?" என்றார் டாக்டரம்மா.

அத்தானின் காது சிவந்தது. டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் ஓரகத்தி என்று ஒருத்தி இருப்பாள் போலிருக்கிறது, மேலே கேட்கவில்லை.

வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பெரிய மனசு அத்தான் உங்களுக்கு."

"மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கையை உதறினார். "அந்த நல்ல பேரும் அவனுக்கே போகணுமா? காப்பாத்தினான்னு காலம் பூரா என்னைப் பாத்துச் சிரிப்பான். அதுக்கு இது தேவலை."

இதுவரை அந்த மனிதர் பேசியதிலேயே நேர்மையான பேச்சு அது. அதைப் பேசவைத்தது வெறும் வயிற்றெரிச்சல். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சாவி சின்னவருக்குப் போனது. ஜன்னல் அறை, புது நாற்காலி, வாட்ச்மேன் எல்லாம் அவருக்கே. அத்தானுக்கு அந்த எக்ஸ்ரே மெஷின் வந்தது. அன்றைக்கு அவர் எப்படி வீட்டுக்குப் போகப்போகிறாரோ என்று பயந்துகொண்டே நானும் கூடப் போனேன்.

அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். செய்தி எனக்கு முன்னாலேயே என் தங்கை வழியாக வந்திருக்கிறது. சின்ன மாப்பிள்ளை தலைவராகிவிட்டதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தானின் தோளில் கை வைத்தார். "பதவி யாருக்கு வேணா வரும் மாப்பிள்ளை. நாலு பேர் முன்னாடி எழுந்து நின்னு, தப்பு என்னுதுன்னு எவன் சொல்லுவான்? இத்தனை வருஷம் கவர்ன்மென்ட்டுல குப்பை கொட்டினேன், ஒருத்தனையும் பாத்ததில்ல." குரல் உடைந்துவிட்டது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு அத்தானின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டபோதும் இதே பேச்சு. அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், போன் பண்ணினவர்களிடம் சொன்னார். பெரிய எழுத்துள்ள அந்தப் போனில்தான். சின்னவர் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "ஜன்னல் ரூம் காத்தோட்டமா இருக்கு மாமா" என்றார் ஒருமுறை. "ம்" என்றார் அப்பா. "ஆனா பெரியவர் பண்ணினது இருக்கு பாருங்க..." என்று தொடர்ந்தார். சின்னவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒரு காலை. கவுன்ட்டரில் ஒரு பெயரைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசையில் இருமல் ஆரம்பித்தது.

மாடிக்கு ஓடினேன். ஜன்னல் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. சின்ன மாப்பிள்ளை புது நாற்காலியின் நுனியில், திரைக்கு மூக்கு முட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். திரையில் மற்ற கோடுகள் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே மட்டும். அத்தானின் எக்ஸ்ரே. கோடு நிமிடத்துக்கு நிமிடம் நகரவில்லை, துடித்தது.

"மாப்பிள்ளை, எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் வச்சிருக்கீங்க?"

திடுக்கிட்டுத் திரையை மாற்றினார். "சும்மாதான் மச்சான். பொதுவா ஒரு பார்வை. எல்லாம் சரியா இருக்கான்னு" என்றார்.

அத்தானிடம் போய்ச் சொன்னேன். ஒரு பக்கக் கைப்பிடி உள்ள தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"என்னையா? என் கோட்டையா பாக்கறான்?"

"உங்க கோட்டை மட்டும்தான்."

"நொடிக்கொரு தரமா?"

"இருக்கும் அத்தான். கவுன்ட்டர் படுத்துடுச்சு. ஒரு வார்த்தை சொல்லி அவரை நிறுத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னா உடனே புரியும்."

அத்தான் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அவர் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. மறுபடி மெதுவாக உட்கார்ந்தார்.

"சொல்லலாம்" என்றார். "ஒரு ரெண்டு நாள் பாத்துக்கிட்டுதான் போகட்டுமே மச்சான்."

நான் கீழே இறங்கி வந்தேன். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கைக்கட்டோடு நின்றவர் என்னை முறைத்தார். "என்ன சார், மறுபடியும் இப்படியா? எப்பதான் சரியாகும்?"

"ரெண்டு நாள் ஆகுமாம்" என்றேன்.